அடுப்பு வாங்குமுன் புகைக்கூண்டைப் பாருங்கள்

(பென்சில்வேனியா மாநிலம் வில்க்ஸ்பேரியில், குளிர்காலத்துக்கு முன்பு தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஓர் இளம் தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். ஹேஸில்டன் பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன நிலக்கரி நிலவறையில் அரை அறைக்குக் குவிந்து கிடக்கிறதாம். “சமையலுக்கும் ஆகணும், வீடும் சூடாகணும். எந்த அடுப்பு வாங்கலாம் அண்ணா?” என்று அந்தப் பெண் கேட்டார். செல்பேசியில் நாலைந்து அடுப்புகளின் படங்களை வைத்திருந்தார். பார்க்க எல்லாமே லட்சணமாக இருந்தன. நிக்கல் பூசிய கைப்பிடி, கண்ணாடிக் கதவு, மேலே தட்டு அடுக்க அலமாரி. “எல்லாம் சரிம்மா, உங்க வீட்டுப் புகைக்கூண்டைப் படம் எடுத்து வெச்சிருக்கியா?” என்று கேட்டேன். அது அவர்களிடம் இல்லை.

அன்றைக்கு அவர்களிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இன்று உங்கள் முன் ஒழுங்குபடுத்திச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கரியைப் பற்றி. லாக்கவானா, லூசர்ன், ஸ்கூல்கில், கார்பன் மாவட்டங்களின் மண்ணுக்கடியில் கிடப்பது ஆந்த்ரசைட் என்னும் கெட்டி நிலக்கரி. அதில் 86 முதல் 98 சதவீதம் வரை கரிச்சத்துதான். உடைத்தால் கண்ணாடிபோல் மின்னும், கையில் அவ்வளவாக ஒட்டாது, எரியும்போது கண்ணுக்குத் தெரிகிற புகை ஏறக்குறைய இல்லை. இதே மாநிலத்தின் மேற்கே பிட்ஸ்பர்க் பக்கம் கிடைப்பது பிட்டுமினஸ். அது சீக்கிரம் பற்றும், நீண்ட மஞ்சள் சுடர் விடும், புகையும் கரிப்பிசுக்கும் ஏராளம். இரண்டுக்கும் நிலக்கரி என்றே பெயர். ஆனால் ஒன்றுக்கென்று செய்த அடுப்பில் மற்றதைப் போட்டால் இரண்டும் கெடும். நெய்வேலியிலிருந்து வந்த லெக்கோ கட்டிகளை எரித்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக அழுத்திக் கரியாக்கியது அது. அந்த அனுபவத்தை வைத்து ஆந்த்ரசைட்டை எடைபோட வேண்டாம். இது வேறு ஜாதி நெருப்பு.

எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு குமுட்டி அடுப்பு இருந்தது. அடியில் சின்ன வாய், நடுவில் ஓட்டை போட்ட தட்டு, அதன்மேல் கரி. பால் காய்ச்சவும் கஷாயம் போடவும் அதுதான். ஆச்சி பனையோலை விசிறியை எடுத்தால் கரியின்மேல் வீசமாட்டாள், அடியிலிருக்கும் வாய்க்கு நேரே வீசுவாள். பேரப்பிள்ளைகள் நாங்கள் குனிந்து மேலே ஊதினால், “மேல ஊதுனா சாம்பல்தான்டா பறக்கும், கீழ வீசு” என்று கையைத் தட்டிவிடுவாள்.

ஆச்சிக்குத் தெரிந்த இந்த விஷயம் இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு 1808 வரை பிடிபடவில்லை. கொல்லர்கள் துருத்தி வைத்துக் காற்றூதி இந்தக் கரியை எரித்தார்கள். வீட்டுக் கணப்பில் போட்டால் மட்டும் கல்லாகவே கிடந்தது. ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இதே வில்க்ஸ்பேரியில் விடுதி நடத்தியவர், நீதிபதியாகவும் இருந்தவர். 1808 பிப்ரவரி 11 அன்று இரும்புக் கம்பிகளை வரிசையாகக் கோத்த ஒரு தட்டைக் கணப்பில் வைத்து, அதன்மேல் ஆந்த்ரசைட்டைக் கொட்டி, துருத்தியில்லாமல் எரித்துக் காட்டினார். கம்பிகளுக்கு இடையிலிருந்த இடுக்கு வழியே காற்று தானாக மேலேறியது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் வந்து வேடிக்கை பார்த்தார்கள். 1917 வாக்கில் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் வரை வெட்டியெடுத்த ஒரு தொழிலுக்கு அந்தக் கம்பித் தட்டு வீட்டு வாசலைத் திறந்துவிட்டது.

இன்னொரு கதையும் இங்கே சொல்வார்கள். 1812இல் ஜார்ஜ் ஷூமேக்கர் என்பவர் பாட்ஸ்வில் பக்கமிருந்து ஒன்பது வண்டி ஆந்த்ரசைட்டை பிலடெல்பியாவுக்கு ஓட்டிப் போனார். வாங்கிய சிலர் அதைப் பற்றவைக்க முடியாமல், கல்லைக் கரியென்று விற்ற மோசக்காரன் என்று அவரைத் தூற்றினார்கள். ஓர் இரும்பாலையில் தொழிலாளர்கள் காலையெல்லாம் கிளறியும் குத்தியும் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய் உலைக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்களாம். திரும்பி வந்து பார்த்தால் கதவு சிவக்கச் சிவக்க உலை தகித்துக்கொண்டிருந்தது. கைவைக்காமல் விட்டதும் அது பற்றிக்கொண்டது.

இந்த இரண்டு கதையும் அடுப்புக் கடையில் உங்களுக்கு உதவும். ஆந்த்ரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்துதான் வரவேண்டும். கரிப்படுகை ஆழமாக இருக்கவேண்டும். மேலிருந்து கிளறினால் நெருப்பு செத்துவிடும்.

நான் முதலில் வாங்கிய அடுப்பில் இவற்றில் முதல் இரண்டுமே இல்லை. “விறகும் எரியும், கரியும் எரியும்” என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். விறகுக்கென்று செய்த அகலமான, தட்டையான நெருப்புப் பெட்டி அது. அடியில் ஒப்புக்கு ஒரு கம்பித் தட்டைப் போட்டுவைத்திருந்தார்கள். கரியைப் பரப்பினால் நாலு அங்குல உயரம்கூட நிற்கவில்லை. பெட்டியின் ஓரங்களில் காற்று நழுவி மேலே போய்விட்டது. ஒவ்வொரு இரவும் மூன்று மணிக்கு நெருப்பு அணையும். விடிகாலையில் பாதி வெந்த கரியை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, விரல் விறைக்க மறுபடி சுள்ளி அடுக்குவேன். ஒரு முழுக் குளிர்காலம் இப்படிப் போனது. குற்றம் கரியில் இருக்கிறது என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கடைக்குப் போனால் கதவின் வேலைப்பாட்டை அப்புறம் பாருங்கள். முதலில் கதவைத் திறந்து உள்ளே கையை விடுங்கள். நெருப்புப் பெட்டி குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கிறதா, நான்கு பக்கமும் தீச்செங்கல் பதித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். செங்கல்லின் மேல்விளிம்பு வரை கரியை நிரப்ப வேண்டும். ஓர் அடிக்கு நெருக்கமான ஆழம் இருந்தால் நல்லது. அடியிலுள்ள தட்டை வெளியிலிருந்தே அசைக்க ஒரு நெம்புகோல் இருக்கவேண்டும். அதை ஆட்டினால் சாம்பல் உதிரும், கங்கு தன் இடத்தில் நிற்கும். சாம்பல் தட்டில் சிவந்த தணல் நாலைந்து விழத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்தத் தட்டுக்கு மாற்று உதிரி கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள். அடுப்பில் முதலில் தேய்ந்து வளைவது அதுதான். ஜனவரி நடுவில் அது முறிந்தால் வீடே உறைந்துவிடும்.

நவீன அடுப்பு என்று நான் சொல்வது பளபளப்பை வைத்து அல்ல. பழைய வார்ப்பிரும்பு அடுப்புகளில் கதவிடுக்குகள் வழியே காற்று கண்டபடி நுழையும், நெருப்பை அடக்கமுடியாது. இப்போது வரும் நல்ல அடுப்புகளில் கதவுகளைச் சுற்றி இழைக் கயிறு பதித்து இறுக்கியிருக்கிறார்கள். காற்று ஒரே ஒரு வாய் வழியாகத்தான் உள்ளே போகும். அந்த வாயின் மூடியை, சூட்டில் விரியும் இரட்டை உலோகச் சுருள் ஒன்று சங்கிலியால் ஏற்றி இறக்குகிறது. சூடு ஏறினால் மூடி தணியும், இறங்கினால் திறக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம். பனிப்புயலில் இரண்டு நாள் மின்சாரம் போனாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அரிசி அளவுக் கரியைத் தானாகத் தள்ளிக்கொடுக்கும் எந்திர அடுப்புகளும் உண்டு. வீட்டைச் சூடாக்க அவை வசதியானவை, ஆனால் மின்சாரம் நின்றால் அவையும் நின்றுவிடும், அவற்றில் சமைக்கவும் முடியாது.

கரியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சலித்துப் பிரித்த கரிக்கு இங்கே முட்டை, அடுப்பு, கொட்டை, பட்டாணி, பக்வீட் தானியம், அரிசி என்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கையால் போடும் சமையலடுப்புக்குப் பெரும்பாலும் கொட்டை அளவுதான் ஏற்றது. அது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரை இருக்கும். பட்டாணியைப் போட்டால் காற்று ஏறுவது குறையும், சூடு மெதுவாக வரும். அடுப்போடு வரும் கையேட்டில் எந்த அளவு என்று எழுதியிருக்கும். அதை மீறாதீர்கள்.

இனி சமையல். நம் ஊர்க் கொடியடுப்பை நினைத்துப் பாருங்கள். தாயடுப்பில் எரிகிற தழல் சும்மா வெளியே போகாமல் பக்கத்து அடுப்பின் வழியே போகும். அதன்மேல் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். இந்த இரும்பு அடுப்பும் அந்தக் கணக்குத்தான். நெருப்புப் பெட்டி ஒரு மூலையில், பக்கத்தில் பேக்கிங் ஓவன். பின்னால் ஒரு டேம்பர் இருக்கும். அதைத் திறந்தால் சூட்டுக்காற்று நேரே புகைக்கூண்டுக்குப் போகும். பற்றவைக்கும்போதும் கரி போடும்போதும் அப்படித்தான் இருக்கவேண்டும். நெருப்பு நிலைத்தபின் மூடினால், அதே காற்று ஓவனின் தலைமேல் போய், பக்கவாட்டில் இறங்கி, அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஏறும். கடையில் இந்த டேம்பரை நாலு முறை இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் நகர வேண்டும். ஓவனுக்கடியில் சாம்பல் சுரண்டுவதற்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது இல்லாத அடுப்பில் இரண்டாவது வருஷம் ஓவன் சூடாகாது.

மேல்தட்டில் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. நெருப்புக்கு நேர் மேலே தோசைக்கல், நடுவில் சாம்பார், மறுமூலையில் காய்ச்சி இறக்கிய பால். கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பிச் சூட்டைக் குறைப்போம். இங்கே பாத்திரத்தை நகர்த்துகிறோம். என் மனைவிக்கு இது பழக ஒரு மாதம் ஆயிற்று. தாளிப்பு கருகியது, பருப்பு அடிப்பிடித்தது. அதன்பிறகு கல்லை அரை ஜாண் தள்ளினால் தோசை எப்படி வரும் என்று அவருக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஆந்த்ரசைட்டின் சூடு ஏறவும் நேரமாகும், இறங்கவும் நேரமாகும். ஆனால் நிலைத்துவிட்டால் மணிக்கணக்கில் ஒரே சீராக நிற்கும். விறகுக்கு அந்த நிதானம் கிடையாது.

இங்கிருக்கும் தாய்மார்களுக்கு இன்னொரு சேதி. டிசம்பர் பிறந்தால் இட்லி மாவு புளிப்பதில்லை என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. அடுப்பின் தலைக்குமேல் ஒரு வெதுவெதுப்பான அலமாரி வைத்து வருகிற மாடல்கள் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மாவுப் பாத்திரத்தை அதில் வைத்தால் காலையில் மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். தயிரும் அங்கேயே உறையும். அலங்காரம் என்று நினைத்து அந்த அலமாரியை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

கோடையில் இந்த அடுப்பை மூட்டவே முடியாது, வீடே தகிக்கும். பென்சில்வேனியாவின் பழைய பண்ணைவீடுகளில் கோடைச் சமையலுக்கென்று தனியாக ஒரு கொட்டகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஆகவே கேஸ் அடுப்பையோ மின்னடுப்பையோ கழற்றி விற்றுவிட வேண்டாம்.

எவ்வளவு பெரிய அடுப்பு? இங்கே விற்கும் 2,000 பவுண்டு டன் ஒன்றில் சுமார் இரண்டரைக் கோடி பிடியூ வெப்பம் இருக்கிறது. ஏறக்குறைய 180 கேலன் சூட்டெண்ணெய்க்குச் சமம். எங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு 4 டன் ஆகிறது. பெரிதாக வாங்கி அடக்கி எரிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. இந்தக் கரியை ஓரளவுக்குமேல் அடக்கினால் அணைந்துவிடும். அணையாமல் எரியவிட்டால் மிதமான நாளில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அதேசமயம், கரிப்பெட்டி மிகச் சிறிதானால் நடு இரவில் எழுந்து கரி போடவேண்டும். ஒருமுறை நிரப்பினால் எட்டு மணி நேரமாவது தாங்குமா என்று, விற்பவரிடம் கேட்பதைவிட அதே மாடல் வைத்திருக்கும் வீட்டில் கேட்பது மேல்.

இப்போது புகைக்கூண்டுக்கு வருகிறேன். இதை மட்டும் யாரும் அரைக்காதோடு கேட்கக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுப்புக்குள் காற்றை இழுப்பது அடுப்பு அல்ல, புகைக்கூண்டு. உள்ளேயிருக்கும் சூடான காற்று இலேசாகி மேலே ஏறுவதால் கீழே இழுப்பு உண்டாகிறது. வீட்டின் நடுவே உயர்ந்து போகும் கூண்டு நன்றாக இழுக்கும். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியது குளிர்ந்துபோய் மந்தமாக இழுக்கும். அந்த இழுப்பை அளக்கச் சின்னக் கருவி உண்டு. கையால் கரி போடும் அடுப்புக்குப் பத்து முதல் பதினைந்து பாஸ்கல் வரை இருந்தால் போதும். கூடினால் சூடு வீணாகும், அதற்கு ஒரு சமநிலை டேம்பர் போடலாம். குறைந்தால் ஆபத்து.

ஆந்த்ரசைட் எரியும்போது படுகையின்மேல் நீலச் சுடர்கள் ஆடும். பார்க்க அவ்வளவு அழகு. அங்கே எரிந்துகொண்டிருப்பது கார்பன் மோனாக்சைடு. எரியாமல் அது வீட்டுக்குள் வந்தால், மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. விறகடுப்பு கோளாறானால் புகை கண்ணைக் கரித்து எழுப்பிவிடும். ஆந்த்ரசைட் அந்த எச்சரிக்கையைத் தராது. கொரியாவில் யோன்டான் என்ற ஓட்டைபோட்ட கரிக்கட்டிகளை எரித்து, அந்தச் சூட்டைத் தரைக்கடியில் விட்டு வீட்டைச் சூடாக்கினார்கள். தரையில் விழுந்த விரிசல் வழியே கசிந்த இந்த வாயுவால் குடும்பம் குடும்பமாகத் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. தாளிப்பு நெடி போக நாம் வலுவான எக்ஸாஸ்ட் விசிறி வைத்திருக்கிறோம். இன்றைய வீடுகளோ காற்றுப்புகாமல் இறுக்கமாகக் கட்டியவை. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழி இல்லையென்றால் புகைக்கூண்டு வழியே கீழே இறங்கும், அதோடு அந்த வாயுவும் இறங்கும். ஒரு பொங்கல் நாளன்று எங்கள் வீட்டில் வடை பொரிக்கும்போது விசிறியை முழு வேகத்தில் விட்டோம். பத்து நிமிடத்தில் கூடத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் பனியில் போய் நின்றோம். அந்தக் கருவி இல்லாதிருந்தால் நான் இன்று இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது விசிறியைத் தொடுமுன் ஜன்னலைத் திறப்பது என் மகளுக்கும் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

புதுக்கரி போடும்போது முழுவதையும் மூடிவிடாமல் ஒரு மூலையில் சிவந்த கங்கை விட்டுவையுங்கள். அப்போதுதான் எழும் வாயு உடனுக்குடன் பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் அடுப்புக்குள் தேங்கி, திடீரென்று பற்றிக் கதவையே உதைத்துத் திறக்கும்.

சாம்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போடும் கரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகத் திரும்பி வரும். மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ளவேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள், அதில் மறுநாளும் கங்கு இருக்கும். வசந்தம் வந்து அடுப்பை நிறுத்தியதும் குழாய்களைக் கழற்றித் துடைத்துவிட வேண்டும். உள்ளே படிந்த கந்தகத் தூசி கோடை ஈரத்தில் அமிலமாகி, தகரத்தை ஒரே பருவத்தில் அரித்துவிடும். புகைக்கூண்டுக்குள் எஃகுக் குழாய் இறக்குவதானால் நிலக்கரிக்கு ஏற்றது என்று சான்று பெற்றதாக இருக்கட்டும்.

கடைசியாக, இந்த அடுப்பை வாங்கத்தான் வேண்டுமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் இல்லை. ஒரு டன் ஆந்த்ரசைட்டை எரித்தால் இரண்டரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. என் வீட்டுக் கணக்கே வருடத்துக்குப் பத்து டன்னைத் தாண்டுகிறது. அது எனக்கு உறுத்தல்தான். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் ஐந்து நாள் போர்த்தி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது, அதில் வீட்டு அடுப்புகளின் பங்கும் பெரிது. புகைவிடும் வீட்டு நிலக்கரியின் விற்பனையை இங்கிலாந்து 2023 மே மாதத்தோடு முற்றாக நிறுத்திவிட்டது. ஆந்த்ரசைட்டுக்கு அங்கே அனுமதி உண்டு. புகை இல்லாததால் கிடைத்த சலுகை அது, கரியமில வாயுவுக்குப் பொருந்தாது. ஆகவே பிலடெல்பியா புறநகரில், இயற்கை எரிவாயு வரும் தெருவில், புதிய வீட்டில் இருக்கும் நண்பர்கள் இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வெப்பப் பம்பு போடுங்கள், காப்புறையைச் சரிசெய்யுங்கள். சுரங்கம் பக்கத்தில், நல்ல புகைக்கூண்டோடு, புயலடித்தால் நாட்கணக்கில் மின்சாரம் போகிற மலைவீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், தினம் இருவேளை அடுப்பைக் கவனிக்கும் பொறுமையும் இருந்தால், இது தக்க துணை.

அந்த இளம் தம்பதி நான் சொன்னபடி புகைக்கூண்டைச் சோதிக்க ஆள் அழைத்தார்கள். உள்ளே களிமண் குழாயில் இரண்டு இடத்தில் வெடிப்பு இருந்தது. இப்போது அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். அடுப்பை இன்னும் வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் எந்த அடுப்பு எரிந்தாலும் சரி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும் ஒன்றும் படுக்கையறை வாசலில் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஏற்கெனவே இருந்தால் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். தாண்டியிருந்தால் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.